பாண்டியம்மா எறங்காத படி

வாங்க கண்ணுங்களா, உக்காருங்க. நீங்கல்லாம் வருசக்கணக்கா சட்டம் படிச்சிட்டு இந்த ஆபீசுக்கு வந்திருக்கீங்க. நான் மூணாங்கிளாசோட பள்ளிக்கூடத்துக்கு விடுதலை குடுத்தவன். என் கையெழுத்தப் பாத்துட்டு கோர்ட்டுல ஒரு பியூன், கொசு நசுங்கிக் கெடக்குதுன்னு நெனச்சு ஊதித் தள்ளப் பாத்தான். அப்படிப்பட்ட ஆளக் கூப்புட்டு உங்களுக்கு அனுபவம் சொல்லச் சொல்லியிருக்காங்கன்னா, ஆபீசுல வேற ஆளு சிக்கலன்னு அர்த்தம்.

நம்ம வக்கீல் மேடத்துக்கிட்ட நான் வேலைக்குச் சேந்தது ஒரே ஒரு தகுதியிலதான். அவங்க மராத்திக்காரங்க. வாடகை வீட்டுக் கேசுதான் எடுப்பாங்க. பட்டறையில வேல பாக்கற நம்மாளுங்க வந்து தமிழ்ல அழுவாங்க. அந்த அழுகைய மராத்தியில மாத்திக் குடுக்க ஒரு ஆளு வேணும். எனக்குத் தமிழ் வரும், இந்தி வரும், மராத்தி வரும். மூணும் ஒரே நேரத்துல வரும், அதான் கஷ்டம்.

சேந்த புதுசுல ஒரு அம்மா வந்து, "எங்க வீட்டுக்காரரு பாத்திரத்தையெல்லாம் தூக்கி வெளிய எறிஞ்சிட்டாரு"ன்னு அழுதாங்க. நான் என்ன பண்ணுனேன், புருசன் எறிஞ்சிட்டாருன்னு மாத்திச் சொல்லிட்டேன். எங்க ஈரோட்டுப் பக்கம் வீட்டுக்காரருன்னா புருசன்தானுங்களே. அவங்க சொன்னது வீட்டு ஓனரை. மேடம் பாவம், அரை மணி நேரம் அந்தம்மாவுக்கு விவாகரத்துச் சட்டம் சொல்லிக்கிட்டிருந்தாங்க. புருசன் பக்கத்துலயே பையைப் புடிச்சிட்டு உக்காந்திருக்காரு, முகம் வெளுத்துப் போயி. அன்னையிலருந்து வீட்டு ஓனருன்னா நான் 'மாலக்'னுதான் சொல்றது. மராத்திக்காரங்க சொல்ற வார்த்தை. புருசனுங்களுக்கும் அது பாதுகாப்பு.

இப்ப நான் உங்களுக்குச் சொல்ல வந்தது பயத்தைப் பத்தி. சட்டம் நீங்க படிச்சிருக்கீங்க. நம்மகிட்ட வர்றவங்க சட்டத்தோட வர்றதில்ல, பயத்தோட வர்றாங்க. பாருங்க, நம்ம ஆபீசுக்குள்ள உக்காந்துகூட மெதுவாத்தான் பேசுவாங்க. கதவப் பாத்துப் பாத்துப் பேசுவாங்க. படிச்சவங்க மட்டும் என்ன? மகர்பட்டாவுல கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருத்தன், சென்னைக்காரன். அவன் மாலக் ஒரு சனிக்கிழமை போன் பண்ணி "நாளைக்கு என் மச்சான் வர்றான், சாவியக் குடு"ன்னு கேட்டான். இவன் "சாரி சார்"னு சொல்லிட்டு சாவியக் குடுத்துட்டு, பொட்டி படுக்கையோட நம்மகிட்ட வந்து நிக்கறான். ஏம்ப்பா குடுத்தேன்னு கேட்டா, "அங்கிள், அவரு ரொம்ப கோவமா பேசுனாரு"ங்கறான். ஒப்பந்தம் முடியறதுக்கு முன்னாடி அப்படிக் கேக்கறதுக்கு அந்த மாலக்குக்கு உரிமையே கெடையாது. ஆனா நம்ம கையால சாவியக் குடுத்துட்டா, நாமளே சம்மதிச்சு விட்டுட்டோம்னு ஆயிடும். பூட்ட ஒடச்சு வெளிய தள்ளியிருந்தா ஆறு மாசத்துக்குள்ள கேசு போட்டுத் திரும்ப உள்ள போகலாம். "சாரி சார்"னு சொல்லிக் குடுத்த சாவிக்கு நான் எந்தக் கோர்ட்டுக்குப் போறது?

அந்தப் பையனப் பாத்துச் சிரிக்காதீங்க. அவனவிட மோசமா பயந்த ஒருத்தன் கதையத்தான் இப்பச் சொல்லப் போறேன். அந்த ஒருத்தன் உங்க முன்னாடி உக்காந்திருக்கான்.

தொண்ணூறுகள்ல நடந்தது. கசார்வாடியில பழைய மும்பை ரோட்ட ஒட்டி ஒரு சாளு. சாளுன்னா தெரியுமில்ல? கீழ ஒரு வரிசை ரூமு, மேல ஒரு வரிசை ரூமு, முன்னாடி நீளமா மர வராந்தா, மேல போறதுக்கு ஓரத்துல ஒரே ஒரு மரப்படி. எல்லாம் பட்டறைக்காரங்க குடித்தனம். ரோடு பெருசாகப் போகுதுன்னு பேச்சு வந்துச்சு, பின்னாலயே ஒரு பில்டர் வந்தான். மாலக்குக்கு அந்தச் சாளு மேல இருந்த பாசம் போயிடுச்சு.

அப்ப பழைய வாடகைச் சட்டம். ஒழுங்கா வாடகை குடுத்துட்டு இருக்கற குடித்தனத்த, கோர்ட்டு தீர்ப்பு இல்லாம வெளிய அனுப்ப முடியாது. மாலக்குக்கு அது நல்லாவே தெரியும். அதனால அவன் கோர்ட்டுக்கும் போகல, கையும் வைக்கல. இருக்க முடியாமப் பண்ணுனான். மொதல்ல தண்ணிக் கொழாய அடச்சான். அப்புறம் ராத்திரி விளக்கு போச்சு. பயந்து ஒரு குடும்பம் கெளம்புனா, அவங்க போன மறுநிமிசமே ஆளுங்க வந்து அந்த ரூமோட கதவு, நிலை, ஜன்னல் எல்லாத்தையும் பேத்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. கதவில்லாத ரூமுங்க வரிசையா வாயத் தொறந்துட்டு நிக்கும். மிச்சமிருக்கறவங்க தெனமும் அதைத் தாண்டித்தான் போகணும்.

கடைசியில மாடியில ஒரே ஒரு குடும்பம். கடைக்கோடி ரூமு. பாண்டியம்மா, வத்தலக்குண்டுப் பக்கத்துப் பொண்ணு. தூளியில ஒரு பொம்பளப் புள்ள. புருசன் பிரஸ் மிசின்ல கை மாட்டி ஆஸ்பத்திரியில கெடக்காரு. ஊருக்குப் போயிருன்னு எல்லாரும் சொன்னாங்க. அதுக்கு அந்தப் பொண்ணு, "நான் போயிட்டா அவரு ஆஸ்பத்திரியிலருந்து எங்க வருவாரு?"ன்னு கேட்டுச்சு. ஆக விசயம் அவ்வளவுதான் கண்ணுங்களா. அந்த மனுசன் கட்டோட திரும்பி வரும்போது அந்த ரூமு இருக்கணும்.

கேசு நம்ம மேடத்துகிட்ட வந்துச்சு, மொதல்ல போலீசுக்குப் போனோம். "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போ"ன்னாங்க. நான் தலையாட்டிட்டு வந்துட்டேன். மேடம் என்னைத் திருப்பி அனுப்புனாங்க. "வீட்டுத் தகராறுன்னு சொன்னா அப்படித்தான் சொல்லுவாங்க. ஆளுங்க உள்ள நொழஞ்சாங்க, மெரட்டுனாங்க, தண்ணிய நிறுத்துனாங்கன்னு சொல்லு. நடந்ததச் சொல்லு, பேரு வைக்காத"ன்னாங்க. அதையும் கேட்டு எழுதிக்கிட்டாங்க, ஆனா யாரும் வரல.

மேடம் கோர்ட்டுல தடை உத்தரவு கேட்டு மனு போட்டாங்க. அது வர்ற வரைக்கும் ஒரே கட்டள. "வீட்டுக்குள்ள எப்பவும் ஒரு ஆள் இருக்கணும். அவ கீழ எறங்கவே கூடாது. எறங்குனா மேல பூட்டு தொங்கும். உள்ள நின்னுட்டு நடத்தற கேசு வேற, வெளிய நின்னுட்டு நடத்தற கேசு வேற." ராத்திரிக்குப் புருசனோட வேல பாக்கற ரெண்டு பேரு வராந்தாவுல வந்து படுப்பாங்க. பகல் டூட்டி எனக்கு. "நானா மேடம்?"னேன். "உன்னைய விட்டா சும்மா உக்காந்திருக்க யாருக்குத் தெரியும்?"னாங்க.

கீழ முத்தத்துல மாலக்கோட ஆளு ஒருத்தன் தெனமும் புல்லட்டுல வருவான். கத்த மாட்டான், கெட்ட வார்த்த பேச மாட்டான். வண்டிய ஓடவிட்டு மேல உக்காந்திருப்பான். டப டப டபன்னு அந்தச் சத்தம் மரத்தரை வழியா ஏறி நம்ம பாதத்துக்கு வரும். நடுவுல ஒரு தடவ மேல பாத்துச் சிரிச்சுக்கிட்டே "காலி கரோ"ம்பான். இந்தியில காலி பண்ணுன்னு அர்த்தம். அதுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம், நம்ம காலியும் அதே காலிதான். ஒரு நாள் "பாப்பா எப்பிடி இருக்கு?"ன்னு கேட்டான். சிரிச்சுக்கிட்டேதான். அன்னைக்கு பாண்டியம்மா புள்ளைய தூளியிலருந்து எடுத்து மடியில வச்சது, சாயங்காலம் வரைக்கும் எறக்கல.

ஒரு காலையில பாத்தா மரப்படி நடுவுல பலகைங்களக் காணோம். ரிப்பேராம். மேலருந்து பாத்தா பல்லு விழுந்த வாயாட்டம் இருக்கு. எனக்கு ஏறறதுக்கு கைப்பிடிக் கம்பியப் புடிச்சுத் தாவணும். நான் தாவுனதப் பாத்து புல்லட்காரன் கை தட்டுனான்.

அன்னைக்கு மனு விசாரணைக்கு வருது. மேடம் சொல்லியிருந்தாங்க, எதிர இருக்கற மளிகைக்கடைக்கு போன் போடறேன், கடைக்காரன் வந்து சேதி சொல்லுவான்னு. அப்பல்லாம் கையில போன் ஏது? நான் வராந்தாவுல நின்னு கடையவே பாத்துட்டிருக்கேன். கடைக்காரன் என்னையப் பாக்கறான், புல்லட்டப் பாக்கறான், பருப்பு மூட்டைக்குப் பின்னாடி போயிடறான். போன் வந்துச்சா வரலையான்னு தெரியல. பின்னாடிதான் தெரிஞ்சுது, வந்துச்சு. அவனுக்கு ரோட்டக் கடந்து வரத் தைரியம் வரல. அவனத் திட்ட எனக்கு யோக்யதை இல்ல, மேல கேளுங்க.

மத்தியானம். பாண்டியம்மா புள்ளைக்குப் பால் வச்சிருக்கு. ஒரு ஜீப்பு வந்து முத்தத்துல நின்னுச்சு. மாலக்கோட ஜீப்பு. எனக்கு அதோட நம்பரு மனப்பாடம், கனவுல எல்லாம் வந்திருக்கு. முன்சீட்டுலருந்து மாலக்கோட வக்கீல் எறங்கறாரு. பின்னாடிலருந்து தாட்டியா ஒரு ஆளு, கறுப்புக் கோட்டு, கக்கத்துல பை. புல்லட்காரன் ஓடிப்போயி கதவத் தொறந்துவிட்டான்.

நான் ஒரே பாய்ச்சல்ல உள்ள வந்து தாப்பாளப் போட்டேன். "வந்துட்டாங்கம்மா. ஆளு கூட்டிட்டு வந்துட்டாங்க." அரிசி ட்ரம்ம உருட்டிக் கதவுக்கு முட்டுக் குடுத்தேன். கையில எதாச்சும் வேணுமேன்னு தேடுனேன், பூரிக்கட்டை கெடச்சுது. இவ்வளவும் பண்ணிட்டு எங்க நின்னேங்கறீங்க? ட்ரம்முக்குப் பின்னாடி. பாண்டியம்மாவுக்கும் பின்னாடி.

கீழருந்து குரல் வருது. கட்டைக் குரல், நல்ல சத்தமா. "தாயி! காலி யா! காலி யா!"

இத்தன நாளா ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே சொன்னத, இப்ப ஒரு கூட்டமே வந்து கத்திச் சொல்லுது. வக்கீல வச்சுக்கிட்டுச் சொல்லுது. கோர்ட்டுல என்னமோ ஆயிடுச்சு, தோத்துட்டோம், தூக்கி எறிய வந்துட்டாங்கன்னே முடிவு பண்ணிட்டேன்.

இப்ப நீங்க எல்லாரும் சிரிக்கறீங்க. இங்கயே பொறந்து வளந்தவங்க, உங்களுக்குத் தெரியும். மராத்தியில 'காலி'ன்னா கீழ. 'காலி யா'ன்னா கீழ வாங்க. அவ்வளவுதான். 'தாயி'ன்னா அக்கா. "அக்கா, கீழ வாங்க"ன்னு ஒரு மனுசன் மரியாதையாக் கூப்புட்டிருக்காரு. எனக்குத் தெரியாதான்னு கேக்கறீங்களா? பத்து வருசத்துக்கு மேல மராத்தி பேசித்தானே சோறு தின்னேன்! டீக்கடையில ஆயிரம் தடவ அந்த வார்த்தையச் சொல்லியிருப்பேன். ஆனா அந்த நிமிசத்துல மராத்தியும் போச்சு, இந்தியும் போச்சு. பயம் வந்தா மத்ததெல்லாம் ஓடிப் போயி காது மட்டும் ஊருக்குத் திரும்பிடுது கண்ணுங்களா. இத எந்தச் சட்டப் புஸ்தகத்துலயும் போட்டிருக்க மாட்டாங்க.

"தொறக்காதீங்க அம்மணி. பேசாதீங்க. ஆளில்லன்னு நெனச்சுட்டுப் போகட்டும்"னேன்.

நான் சொன்னதுலயே பெரிய மடத்தனம் அதுதான். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

பாண்டியம்மா காதைத் தீட்டிக்கிட்டு நின்னுச்சு. அதுக்கு மராத்தி சுத்தமா வராது. மறுபடியும் கீழருந்து "தாயி! ஓ தாயி!"ன்னு குரல்.

"அண்ணே, அந்தாளு தாயிங்கறாரு."

"என்னமோ சொல்லட்டும்."

"தாயிங்கறாருண்ணே! எங்க பக்கம் பெரியவங்க அப்படித்தான் கூப்புடுவாங்க. இத்தன நாளா என்னைய ஏ மத்ராசின்னுதானே கூப்புட்டானுங்க. அடிக்க வந்தவன் தாயிம்பானா?"

"அது மராத்தி தாயிம்மா!"

"எந்தத் தாயியா இருந்தா என்ன? நல்ல தாயியாத்தான் கேக்குது. நீங்க நகருங்க."

"வேண்டாம்மா, கீழ போனா மேல பூட்டிடுவானுங்க, மேடம் சொன்னது மறந்து போச்சா?"

அதுக்கும் மேடம் சொன்னது நெனப்பிருக்கு. தயங்குச்சு. கதவத் தொறக்கல. ஜன்னல் பக்கம் போயி, நம்ம ஊரு வயக்காட்டுல கூப்புட்டா பதில் குடுப்பாங்க பாருங்க, அந்த மாதிரி ஒரு குரல் குடுத்துச்சு.

"வர்றேன்யா! வர்றேன்யா!"

வர்றேன்னு சொல்லிட்டு அங்கயே நிக்குது. எறங்கறதா வேண்டாமான்னு அதுக்கே தெரியல.

கீழருந்து புல்லட்காரன் குரல், "சாஹேப், வேண்டாம், படி ஒடஞ்சிருக்கு, விழுந்துடுவீங்க." மாலக்கோட வக்கீலும் என்னமோ தடுக்கறாரு. அந்தக் கட்டைக் குரல் மராத்தியில சொல்லுது, "அந்தம்மாதான் மேல வரச் சொல்லுதேய்யா, கேக்கலையா?"

ஆமா. மராத்தியில 'வர்'னா மேல. 'வர் யா'ன்னா மேல வாங்க. பாண்டியம்மா வர்றேன்யான்னு தமிழ்ல சொல்லுச்சு, அவரு மேல வாங்கன்னு மராத்தியில கேட்டுக்கிட்டாரு. அவரு எறங்கி வாங்கன்னு சொல்றாரு, இது வர்றேங்குது, அவரு ஏறி வர்றாரு. ரெண்டு பேரும் எவ்வளவு மரியாதையாப் பேசிக்கிட்டாங்க பாருங்க! நடுவுல மொழிபெயர்க்க வேண்டியவன் ட்ரம்முக்குப் பின்னாடி கெடக்கான்.

படி முனகற சத்தம் கேக்குது. தாட்டியான மனுசன். ஒவ்வொரு பலகையும் அழுவுது. பலகை இல்லாத எடத்துல நின்னு மூச்சு வாங்கறது கேக்குது. அப்புறம் ஒரு தாவல், சாளு முழுக்க ஆடுச்சு. நான் பூரிக்கட்டைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். வராந்தாவுல காலடி, கதவில்லாத ரூமு ரூமா நின்னு பாத்துட்டு வருது. நம்ம கதவுகிட்ட வந்து நின்னுச்சு. தட்டுச்சு. மெதுவா.

பாண்டியம்மா என்னைப் பாத்துச்சு. புள்ள தூளியில சிணுங்குச்சு. அந்தப் பொண்ணு ட்ரம்ம காலால தள்ளுச்சு, தாப்பாள எடுத்துச்சு.

கறுப்புக் கோட்டு முழுக்கச் சுண்ணாம்பு. வேர்வை ஊத்துது. கும்பிட்டுட்டு அந்த மனுசன், கட்டைவிரல வாய்க்குக் காட்டிக்கிட்டே மொதல்ல கேட்டது, "கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

அவரு யாருன்னா, கோர்ட்டு கமிஷனர். ஜட்ஜு நேர்ல வந்து பாக்க முடியாதில்ல, அவருக்குக் கண்ணா ஒரு வக்கீல அனுப்புவாரு. அன்னைக்குக் காலையில கோர்ட்டுல மாலக் தரப்பு என்ன சொல்லியிருக்காங்கன்னா, அந்த ரூமுல ஆளே இல்ல, எப்பவோ தானா விட்டுட்டுப் போயிட்டாங்க, கட்டடம் ஒடஞ்சு கெடக்குன்னு. மேடம் எந்திரிச்சு, "இப்பவே ஆள அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க"ன்னு கேட்டு உத்தரவு வாங்கியிருக்காங்க. கமிஷனருக்கு வண்டி இல்ல. மாலக் தரப்பு வண்டி குடுத்துச்சு, ஏறி வந்துட்டாரு. அதுல தப்பும் இல்ல. மேடம், கமிஷனர் வர்றாருன்னு மளிகைக்கடைக்குப் போன் பண்ணிட்டு ஸ்கூட்டர்ல பின்னாடி கெளம்பி, வழியில பஞ்சர்.

நான் சொன்ன மாதிரி சத்தங்காட்டாம இருந்திருந்தா? கீழ நின்னே கூப்புட்டுப் பாத்துட்டு, பதில் இல்லைன்னு எழுதிட்டுப் போயிருப்பாரு. மாலக் சொன்னது உண்மையாயிருக்கும். கோர்ட்டே வந்து கூப்புட்டும் ஆளில்ல. நம்மள ஜெயிக்க வைக்க வந்தவர, நானே ட்ரம்ம வச்சு அடச்சிருப்பேன். அதான் சொல்றேன், பயந்த நேரத்துல வண்டி யாருதுன்னு பாக்காதீங்க, வந்திருக்கறது யாருன்னு கேளுங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த, "யாருங்க நீங்க?" அது எனக்கு வரல.

சரி, தண்ணி கேட்டாரில்ல. பாண்டியம்மா அடுப்பாண்ட இருக்கற கொடத்தப் பாத்துச்சு. முந்தின ராத்திரி அந்த ரெண்டு பேரும் தூக்கிட்டு வந்து குடுத்த தண்ணி, அடியில கொஞ்சம்தான் இருக்கு. புள்ளைக்கு வச்சது. ஒரு நொடிதான் யோசிச்சுது. டம்ளர்ல மோந்து குடுத்துச்சு. கொடம் தரையில ஒரசற சத்தம் கேட்டு அவரு எட்டிப் பாத்தாரு. குடிக்காம டம்ளரக் கையில வச்சுக்கிட்டே, "கொழாய்?"னு கையத் திருகிக் காட்டுனாரு. பாண்டியம்மா கைய விரிச்சுக் காட்டுச்சு. அவரு எல்லாத்தையும் பாத்தாரு. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சிட்டிருக்கு. ஆளே இல்லைன்ன ரூமுல தூளி ஆடிட்டிருக்கு.

அதுக்குள்ள மாலக்கோட வக்கீலும் தாவிக் குதிச்சு வந்து சேந்தாரு. உள்ள நோட்டம் விட்டாரு. என்னையப் பாத்தாரு. முகம் மலந்து போச்சு.

"கமிஷனர் சாஹேப், இந்த ஆளையும் எழுதிக்குங்க. குடித்தனக்காரன் ஆஸ்பத்திரியில. இவன் யாரு? வேற ஆளுக்கு உள்வாடகைக்கு விட்டுட்டாங்க!"

எனக்கு அப்பத்தான் உண்மையான பயம்னா என்னன்னு தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியும், உள்வாடகைக்கு விட்டா அது ஒண்ணே போதும், குடித்தனத்த வெளிய அனுப்ப. காவலுக்கு வந்த நானே அந்தப் பொண்ணு கழுத்துக்குக் கயிறாயிட்டேன். வாயத் தொறக்கறேன், மூணு மொழியும் ஒண்ணா வருது. "நான், மை, மீ"ங்கறேன். கையில பூரிக்கட்டை வேற.

கமிஷனர் கண்ணாடியத் தூக்கிவிட்டு என்னை உத்துப் பாத்தாரு. "ஏய், நீ மேடத்தோட ஃபைலு தூக்கற ஆளுதானே? கோர்ட்டு வாசல் டீக்கடையில உக்காந்து எல்லார் கேசையும் தப்புத் தப்பாச் சொல்லுவியே, அவன்தானே?"

"நான்தானுங்க சாஹேப்! தப்புத் தப்பாச் சொல்றது நான்தான்!"

வாழ்க்கையில எந்தப் பட்டத்தையும் நான் அவ்வளவு சந்தோசமா ஏத்துக்கிட்டதில்ல.

மேடம் வந்து சேந்தப்ப அவரு எழுதி முடிச்சிட்டாரு. மேடம் அந்தப் படியத் தாவி வந்தது நான் பாக்கல, புடவையத் தூக்கிச் சொருகிட்டு வந்திருப்பாங்க. நடந்ததக் கேட்டாங்க. ட்ரம்மப் பாத்தாங்க, பூரிக்கட்டையப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. பூரிக்கட்டைய என் கையிலருந்து வாங்கி அடுப்புப் பக்கம் வச்சாங்க. திட்டியிருந்தா தேவலை.

தடை உத்தரவு வந்துச்சு. கோர்ட்டு மூலமா தவிர அந்தக் குடும்பத்த வெளியேத்தக் கூடாது, படியச் சரி பண்ணணும், தண்ணிய விடணும். அதோட கேசு முடியலங்க, அது பாட்டுக்கு வருசக்கணக்கா நடந்துச்சு. ஆனா உள்ள நின்னுட்டு நடத்துன கேசு.

உத்தரவு வந்தா பயம் போயிடும்னு நெனக்காதீங்க. படிக்குப் புதுப்பலகை அடிச்ச அன்னைக்குக் காலையில நான் அங்க இருந்தேன். கொழாயில தண்ணி வர்ற சத்தம் கேட்டுச்சு. பாண்டியம்மா கொடத்த எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டு வராந்தா முனைக்குப் போச்சு. அங்கயே நிக்குது. கீழ புல்லட்காரன் உக்காந்திருக்கான். வண்டி ஓடல, ஆனா ஆளு இருக்கான்.

"நான் வேணா புடிச்சிட்டு வரட்டா அம்மணி?"

"வேண்டாம்ணே. நீங்க புள்ளையப் பாத்துக்கங்க."

ஒரு காலை மட்டும் பலகையில வச்சு அழுத்திப் பாத்துச்சு. அப்புறம் எறங்குச்சு. எத்தன நாளுக்கப்புறம் எறங்குது! தூளிக்கயித்தப் புடிச்சிட்டு வாசலை மறைச்சு நிக்கறேன். கொடத்துல தண்ணி விழற சத்தம் மொதல்ல கணகணன்னு கேட்டுச்சு, போகப் போக அடங்குச்சு. நெறைஞ்சிடுச்சு. புல்லட்காரன் எந்திரிச்சான். அவன் வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்துனான். வழியில நின்னுச்சு, அதான். பாண்டியம்மா அவன் பக்கத்துலயே நடந்து வந்துச்சு, முகத்தக்கூடப் பாக்கல.

மேல வந்து கொடத்த எறக்கி வச்சுது. கதவோரமே நின்னுட்டிருந்த அரிசி ட்ரம்ம பழைய மூலைக்கு உருட்டுச்சு. முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டு என்னைப் பாத்துச்சு.

"அண்ணே, நீங்க கெளம்புங்க."

"இல்லம்மா, இன்னும் ரெண்டு நாளு இருந்து பாத்துட்டு..."

"உங்களைய உள்வாடகைன்னு எழுதிருவாங்க. எங்க வீடுண்ணே இது. நாங்க இருந்துக்குவோம். கெளம்புங்க."

நோட்டீசு இல்ல, தவணை இல்ல, கோர்ட்டு இல்ல. நின்ன எடத்துலருந்து என்னை வெளிய அனுப்பிடுச்சு. நானும் எந்த மனுவும் போடல. செருப்ப மாட்டிட்டு வராந்தாவுல வந்து நின்னேன்.

பின்னாடி தாப்பாள் போடற சத்தம். சட்டுனு ஒடம்பு தூக்கிப் போட்டுச்சு, இத்தன நாளா அந்தச் சத்தத்துக்கு, ஆளுங்க வந்துட்டாங்கன்னு ஒரே அர்த்தந்தான. காது வச்சுக் கேட்டேன். உள்ள மக்குல தண்ணி மோந்து ஊத்தற சத்தம். தண்ணி வந்திருக்கில்ல, புள்ளையக் குளிப்பாட்டுது.